கரைவாகு என்று தேடுங்கள்

மட்டக்களப்பிலிருந்து தெற்கே புறப்படும் பஸ், கல்லடிப் பாலத்தைக் கடந்து, காத்தான்குடிப் பேரீச்ச மரங்களையும் களுவாஞ்சிகுடியையும் பின்னால் விட்டு, பெரியநீலாவணையில் அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைகிறது. அதற்குப் பிறகு ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. கைத்தறிக்குப் பேர்போன மருதமுனை, திரௌபதி அம்மன் கோயிலும் தீமிதிப்புமாகப் பாண்டிருப்பு, கடைகள் நெருக்கியடிக்கும் கல்முனை நகரம், கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு, சுவாமி விபுலாநந்தர் பிறந்த காரைதீவு, நிந்தவூர் என்று பெயர்ப்பலகைகள் மாறிக்கொண்டே போகின்றன. வீடுகளுக்கிடையே வெளி விழுவதில்லை. கிழக்கே கூப்பிடு தூரத்தில் கடல், மேற்கே கண்ணுக்கெட்டியவரை வயல். இரண்டுக்கும் நடுவே நாடாவைப் போல நீண்டு கிடக்கின்றன தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களும் தமிழ் ஊர்களும்.

அந்த பஸ்ஸில் ஒரு புதன்கிழமை காலை, மடியில் தடித்த கோப்பொன்றை வைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து வந்த ஆசிரியை ஒருவர் இருந்தார். பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிப்பவர். சாய்ந்தமருதில் பிறந்த உம்மா கலியாணத்துக்குப் பிறகு கொழும்போடு தங்கிவிட்டார். இப்போது அவரும் இல்லை. மகளுக்கு ஒரேயொரு கேள்வி: உம்மாட உம்மா, அதாவது மூத்தம்மா, யார்? எந்தக் குடும்பம், எப்போது இந்தக் கரைக்கு வந்தது?

கோப்பில் முதலாவதாக இருந்தது உம்மாவின் பிறப்புச் சான்றிதழ். 1948ஆம் ஆண்டு. இலங்கைப் பிறப்புச் சான்றிதழை ஒருமுறை நிதானமாக வாசித்துப் பார்த்தால் ஒன்று தெரியும். தகப்பனின் பெயருக்குக் கட்டம் உண்டு, தாயின் பெயருக்கும் உண்டு. பாட்டனார் இலங்கையில் பிறந்திருந்தால் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, இடம் எழுதவும் கட்டம் உண்டு. பாட்டிக்கு மட்டும் கட்டம் இல்லை. மூத்தம்மாவின் பெயர் தெரிந்தது, அது தாயின் கட்டத்தில் இருந்ததால். மூத்தம்மாவின் தாய் பற்றிக் கடதாசி வாய் திறக்கவில்லை.

அடுத்ததாகக் குடிசன மதிப்பீட்டு அட்டவணைகளின் பிரதிகள். இவற்றைக் கொழும்பில் தேடத் தொடங்கிய முதல் நாளே ஆசிரியை தடுமாறினார். 1871இல் இலங்கையின் முதலாவது முறையான குடிசன மதிப்பீடு நடந்தது. தீவு முழுவதற்கும் 24 இலட்சம் பேர். அதிலிருந்து 1953 வரை ஒன்பது முறை எண்ணினார்கள். அந்த ஒன்பதிலும் அம்பாறை என்றொரு மாவட்டத்தைத் தேடினால் கிடைக்காது. அம்பாறை மாவட்டம் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது 1961இல். அதற்கு முந்திய ஏடுகளில் இந்தக் கரை மட்டக்களப்பு மாவட்டத்துக்குள், பற்றுப் பற்றாகக் கிடக்கிறது: கரைவாகுப்பற்று, நிந்தவூர்ப்பற்று, சம்மாந்துறைப்பற்று, அக்கரைப்பற்று, பாணமைப்பற்று. கல்முனையும் சாய்ந்தமருதும் கரைவாகுக்குள் அடக்கம். அதையும் ஊரார் கரவாகு என்கிறார்கள். ஆங்கில ஏடுகள் ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கின்றன. இந்த ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள அவருக்கு மூன்று நாள் போனது. கல்முனையின் பழைய கதையைத் தேடும் யாரும் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது இதுதான்: கரைவாகு என்று தேடுங்கள்.

மாவட்டம் பிறந்த பிறகு எண்கள் தெளிவாகவே ஓடுகின்றன. 1963இல் அம்பாறை மாவட்டத்தில் 2 இலட்சத்து 11 ஆயிரம் பேர். 1981இல் 3 இலட்சத்து 88 ஆயிரம். 2012இல் 6 இலட்சத்து 49 ஆயிரம். அதில் நூற்றுக்கு 43 பேர் முஸ்லிம்கள். ஆனால் மாவட்டத் தொகையை வைத்துக் கரையோரத்தை அளக்க முடியாது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்கள் உள்ளே பரந்து கிடக்கின்றன. அங்கே ஆளுக்கு நிலம் உண்டு. கரையிலோ, சாய்ந்தமருது பிரதேச செயலகப் பிரிவு சில சதுரக் கிலோமீற்றர்தான். அதற்குள் 2012இல் 25 ஆயிரம் அளவான மக்கள். ஆகவே பிரதேச செயலகப் பிரிவு, அதற்கும் கீழே கிராம சேவகர் பிரிவு என்று இறங்கிப் பார்த்தால்தான் ஊர் கண்ணுக்குத் தெரியும். அதிலும் கவனம் வேண்டும். 2001இல் மாநகர சபையான கல்முனையோடு, முன்பு தனித்தனியாக இருந்த கரைவாகுப் பகுதிகள் 1987இலேயே இணைக்கப்பட்டிருந்தன. அந்த இணைப்புக்கு முந்திய “கல்முனை”யும் பிந்திய “கல்முனை”யும் ஒரே நிலம் இல்லை.

அறிக்கைகளில் சிலவற்றை அட்டவணைக்காக மட்டும் புரட்டுவது பாவம். 1901ஆம் ஆண்டின் மதிப்பீட்டுக்குப் பொறுப்பாக இருந்தவர் பொன்னம்பலம் அருணாசலம். அவருடைய அறிக்கை தீவின் வரலாறு, மதம், மொழி, வழக்கங்கள் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகும் நூல். 1911இல் ஈ. பி. டென்ஹாம் எழுதியதும் அப்படியே. அந்த ஆண்டில்தான் இலங்கைச் சோனகர், இந்தியச் சோனகர் என்று பிரித்து எண்ணத் தொடங்கினார்கள். மட்டக்களப்பு மாவட்டத்துக்கென்றே எஸ். ஓ. கனகரத்தினம் 1921இல் எழுதிய நூல் இருக்கிறது. அதற்கும் பின்னே போனால், மட்டக்களப்பின் ஒல்லாந்த அதிகாரியாக இருந்த ஜேக்கப் பர்னான்ட் தனக்குப் பின் வருபவருக்காக 1794இல் எழுதிவைத்த நினைவுக் குறிப்பு. நெல்லையும் நீரையும் பற்றி அக்கறையோடு எழுதிய மனிதர்.

இன்னொரு எண் இந்தக் கரையின் ஒவ்வொரு விழா மலரிலும் வருகிறது: 4,000. போர்த்துக்கேயர் விரட்டிய முஸ்லிம்கள் 4,000 பேரைக் கண்டி அரசன் செனரத் 1626இல் மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான் என்பது. இதைச் சொன்னவர் கெய்றோஸ் பாதிரியார். அவர் எழுதியது அந்தச் சம்பவத்துக்குப் பல பத்தாண்டுகள் கழித்து, கோவாவில் இருந்துகொண்டு. இலங்கையில் கால் வைத்ததே இல்லை. குடியேற்றம் நடந்திருக்கலாம், நடந்திருக்கும். ஆனால் அந்த முழு எண்ணை எண்ணிப் பார்த்த கணக்காக எடுத்துக்கொண்டு, இந்தக் கரையின் முஸ்லிம்கள் எல்லாரும் ஒரே ஆண்டில் வந்திறங்கியவர்கள் என்று எழுதுவது, இவர்களுடைய மிக நீண்ட கதையைச் சுருக்கிவிடுகிறது.

அமெரிக்காவின் நாட்டுப்புற மாவட்டமொன்றில் முன்னோரைத் தேடுபவருக்கு வேலை வேறு விதம். அங்கே குடிசன மதிப்பீட்டுத் தாள்களே வீடு வீடாக, ஆள் பெயரோடு 72 ஆண்டுகளுக்குப் பின் திறக்கப்படுகின்றன. 1950ஆம் ஆண்டின் தாள்கள் 2022 ஏப்ரலில் திறந்தன. குடும்பப் பெயர் தகப்பன் வழியே இறங்கி வருகிறது. தேவாலய வளவில் கல்லறைக் கல் பெயரும் திகதியும் சொல்கிறது. கல்முனைக் கரையில் இந்த மூன்றும் இல்லை. இலங்கையில் தனியாள் விபரம் இரகசியம். வெளியே வருவது கூட்டுத்தொகை மட்டும். குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு சரி. மையவாடியில் பெரும்பாலான கபுறுகளுக்கு மீஸான் கட்டைகள் மட்டும்தான், பெயரில்லை, ஆண்டில்லை. சில வருடங்களில் கட்டையும் உக்கி மண்ணாகிவிடும்.

சாய்ந்தமருதில், பள்ளிவாசலுக்கு எதிரேயுள்ள ஒழுங்கையில் ஒரு வீட்டு விறாந்தை. ஒருகாலத்தில் பள்ளி மரைக்காராக இருந்த பெரியவர் சாய்வு நாற்காலியில். பிளேன்ரீ வந்தது. ஆசிரியை கோப்பைத் திறந்து வாப்பாவின் பெயர், வாப்பப்பாவின் பெயர் என்று சொல்லத் தொடங்க, பெரியவர் கையை உயர்த்தினார்.

“வாப்பாட பேர் பொறகு பாப்பம் மகள். உம்மாட குடி என்ன?”

“தெரியாது ஹாஜியார்.”

“அப்ப அதத்தான் முதல்ல தேடணும்.”

குடி என்பது இந்தக் கரையில் தாய்வழிக் கூட்டம். உம்மாவின் குடிதான் பிள்ளையின் குடி. வாப்பாவின் குடி வேறு. ஒரே குடிக்குள் கலியாணம் செய்வதில்லை. தமிழரிடமும் இதே வழக்கம், முக்குவரின் உலகிப்போடி குடி, காலிங்கா குடி என்று. முஸ்லிம்களிடம் பொன்னாச்சி குடி, வரிசை நாச்சி குடி என்று பெண்ணின் பெயரைச் சுமந்த குடிகளும் உண்டு. பள்ளிவாசல் நிர்வாகம் குடிகளின் மேல் கட்டப்பட்டது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்கார். கந்தூரிச் சோறு பங்கிடுவதிலிருந்து வழக்குத் தீர்ப்பதுவரை குடிக் கணக்கு. டெனிஸ் மக்கில்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கி இதையெல்லாம் விசாரித்து எழுதினார். 2008இல் வந்த அவருடைய பெரிய நூலில் தமிழரின் குடியும் முஸ்லிம்களின் குடியும் பக்கத்துப் பக்கத்து அத்தியாயங்களில் நிற்கின்றன. இந்த இரு சமூகங்களும் எவ்வளவு நெருங்கிய வழக்கங்களோடு வாழ்ந்தவை என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை.

பெரியவர் சொன்ன வழி இது: பள்ளியில் மரைக்கார்மார் வைத்திருந்த குடிக் கொப்பிகள், சந்தாக் கணக்குகள், கலியாணப் பதிவான கடுத்தம். கடுத்தத்தில் மாப்பிள்ளை பெயர், பெண் பெயர், மஹர் எவ்வளவு, கைக்கூலி எவ்வளவு, பெண்ணின் பொறுப்பாளரான வலி யார், சாட்சிகள் யார் என்று எல்லாம் இருக்கும். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி பதிவான கடுத்தங்கள் இன்றும் வரலாற்றுக்கு அருமையான மூலம். ஒரு குறை மட்டும் நெஞ்சில் முள்ளாகத் தைக்கிறது. வலி கையெழுத்து வைக்கிறார், மாப்பிள்ளை வைக்கிறார். மணப்பெண்ணின் கையெழுத்தை அந்தச் சட்டம் கேட்கவில்லை. குடியை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோகிறவள் அவள்தான்.

பின்னேரம் ஆசிரியை கல்முனைக்குடிக் கடற்கரைக்குப் போனார். அங்கே கடற்கரைப் பள்ளி, நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக எழுந்தது. வருடந்தோறும் கொடியேறிப் பன்னிரண்டு நாள் விழா. பள்ளிக்கு முன்னால் மணல், மணலுக்கப்பால் அலை. 2004 டிசம்பர் 26ஆம் திகதி அந்த அலைதான் எழும்பி வந்தது. இலங்கையில் அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அம்பாறை, 10,000க்கும் மேலே. அதில் பெரும் பங்கு இந்த நாடாக் கரையில். மனிதர்களோடு அலுமாரிகளும் றங்குப் பெட்டிகளும் போயின. அவற்றுக்குள் இருந்த உறுதிகள், சான்றிதழ்கள், கொப்பிகள், கலியாணப் படங்கள் போயின. காணாமற்போனவர்களின் இறப்பைப் பதியவும் அநாதைகளைக் காக்கவும் 2005இல் தனிச் சட்டங்களே கொண்டுவர வேண்டியிருந்தது. பாதிக்கப்பட்ட வீடுகளையும் ஆட்களையும் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களம் தனியாக எண்ணியது. அந்தத் தொகுதி இந்தக் கரையின் சனத்தொகை வரலாற்றில் மிகத் துயரமான மூலம், மிக விரிவானதும்கூட. கரையோரத்திலிருந்து எழுப்பப்பட்டவர்கள் வயல் பக்கமாகப் போனார்கள். சாய்ந்தமருதில் தென்னமெரிக்கப் பெயரோடு பொலிவேரியன் கிராமம் அப்படி வந்தது. நூறு வருடம் கழித்துத் தேடப்போகிறவர்கள் கரைவாகோடு அந்தப் பெயரையும் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அதற்கு முன்னும் ஓர் ஓட்டை உண்டு. 1991இல் நடக்க வேண்டிய குடிசன மதிப்பீடு யுத்தத்தால் நடக்கவே இல்லை. 1981க்கும் 2001க்கும் இடையே 20 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில்தான் 1985இலும் 1990இலும் வன்முறைகள் நடந்தன. தமிழரும் முஸ்லிம்களும் ஒரே தெருவை விட்டு வெவ்வேறு திசைகளில் ஓடினார்கள். யார் எங்கிருந்து எங்கே போனார் என்பதற்கு எந்த அட்டவணையும் இல்லை. வாக்காளர் இடாப்புகளையும் கிராம சேவகர் பதிவுகளையும் ஆண்டு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஓரளவு பிடிக்கலாம். மிச்சத்தை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும், அவர்கள் இருக்கும்போதே.

மஃரிபுக்குப் பிறகு பெரியவரின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. வயல் பக்கத்து ஒழுங்கையில் ஒரு மூதாட்டி இருக்கிறாராம், ஆசிரியையின் மூத்தம்மாவை அவருக்குத் தெரியுமாம், “சொந்தம்தான் போலக் கிடக்கு.” அலை அந்த வீடுவரை வரவில்லை.

மூதாட்டி ஆசிரியையின் கன்னத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே போய், பழைய சாரத் துண்டில் பொதிந்த ஒரு கொப்பியைக் கொண்டுவந்தார். உள்ளங்கை அகலம். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, தாள்கள் தேயிலைச் சாயம் நிறத்தில். மை சில இடங்களில் கபிலமாகி, சில இடங்களில் தாளையே தின்றிருந்தது. அரபு எழுத்து. ஆசிரியைக்கு அரபு எழுத்துத் தெரியும். கூட்டிப் பார்த்தார், சொல் வரவில்லை. சில எழுத்துகளின் மேலும் கீழும் வழக்கத்துக்கு மாறான புள்ளிகள்.

“அது அறபுத் தமிழ் மகள். இஞ்ச தா.”

மூதாட்டிக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. ஓதப் பள்ளியில் படித்ததோடு சரி. ஆனால் கொப்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, விரலை வலமிருந்து இடமாக நகர்த்த, அந்தப் புள்ளிகளிலிருந்து சுத்தமான கிழக்கு மாகாணத் தமிழ் எழுந்து வந்தது. பிள்ளை பிறந்த மாதம், கிழமை, நேரம், பேர் வைத்த நாள். தமிழ் எழுத்தே அறியாமல் தமிழை வாசித்த இப்படியான பெண்கள் இந்தக் கரையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எந்த அறிக்கையும் எண்ணி வைக்கவில்லை.

ஒரு வரியில் விரல் நின்றது. ஆசிரியையின் மூத்தம்மாவின் பெயர். ஹிஜ்ரி 1339, றமழான் மாதம்.

ஆசிரியை கைபேசியில் கணக்குப் பார்த்தார். அந்த றமழான் 1921 மே மாதத்தில் தொடங்கியிருக்கிறது. கோப்பிலிருந்த அட்டவணைகள் நினைவுக்கு வர, அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. 1921 குடிசன மதிப்பீடு நடந்தது மார்ச் மாதம். மூத்தம்மா இரண்டு மாத வித்தியாசத்தில் அதைத் தவறவிட்டிருக்கிறார். 1931இல் பொருளாதார நெருக்கடி. கொழும்புக்கு வெளியே தலைகளை எண்ணியதோடு சுருக்கிக்கொண்டார்கள். 1941இல் உலக யுத்தம். எண்ணவே இல்லை, 1946க்குத் தள்ளிப்போனது. வயது, தொழில், கல்வி என்று அரசாங்கம் அவரைப் பற்றி முழுதாகக் கேட்டெழுதியது அந்த 1946இல்தான். அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. அதுவரை அவருடைய பிறப்பைத் தாங்கி நின்றது உள்ளங்கை அகலமான இந்தக் கொப்பி.

அந்த வரிக்கு மேலே, அதே மையில், தாயின் பெயரும் இருந்தது. குடியின் பெயரும் இருந்தது.

ஒவ்வொரு தாளையும் விளக்கு வெளிச்சத்தில் படமெடுத்து முடிக்க இரவு பத்து மணியானது. மூதாட்டி பக்கத்தில் இருந்து, எந்தப் பக்கமும் விடுபடாமல் தாள் புரட்டிக் கொடுத்தார். கொப்பியைக் கொழும்புக்குக் கொண்டுபோகலாம் என்று வீட்டார் சொன்னார்கள். ஆசிரியை மறுத்தார். இப்படியான கொப்பிகள் பிறந்த வீட்டிலேயே இருக்கட்டும். படங்கள் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் நூலகம் நிறுவனத்துக்கும் போகட்டும் என்றார். இந்தக் கரையில் இன்னும் எத்தனை றங்குப் பெட்டிகளுக்குள் இப்படி எத்தனை இருக்கும்! பூச்சிக்கும் ஈரத்துக்கும் முந்தி யாராவது ஒவ்வொரு படியாக ஏறி இறங்க வேண்டும். அதற்குப் பெரிய பணம் தேவையில்லை, பின்னேரங்கள் தேவை.

விடைபெறும்போது பெரியவரின் மகன் ஒரு விஷயம் சொன்னார். இந்தக் கரையில் வீடு பெண்ணுக்குத்தான். மகள் கலியாணம் முடிக்கும்போது தாய் தகப்பன் வீடு வளவைச் சீதனமாக எழுதுகிறார்கள், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருகிறார். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்துக்குப் பிறகு காணி கைமாற நொத்தாரிசு எழுதிய உறுதி வேண்டும். ஆகவே சீதன உறுதி இருக்கிறது. சான்றிதழில் கட்டம் கிடைக்காத பெண்கள், கடுத்தத்தில் கையெழுத்து வைக்காத பெண்கள், காணிப் பதிவகத்தில் சொந்தக்காரிகளாக, வடக்கே இன்னாருடைய வளவு, கிழக்கே கடல் என்று நான்கெல்லையோடு நிற்கிறார்கள். தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு, உறுதி இலக்கம் உறுதி இலக்கமாக.

மறுநாள் காலை எட்டரைக்கு ஆசிரியை கல்முனைக் காணிப் பதிவகத்தின் வாசலில் இருந்தார். கையில் ஒரு தாள். அதில் மூத்தம்மாவின் தாயுடைய பெயர், கீழே அவருடைய வாப்பாவின் பெயர், அந்தப் பெயரின் கடைசிப் பகுதியை எழுத்தர்கள் எழுதக்கூடிய நான்கு விதங்கள்: லெப்பை, லெவ்வை, லெவ்வே, லேபே. எல்லாவற்றுக்கும் மேலே, பெரிய எழுத்தில், கரைவாகுப்பற்று.